ஷையான்: யார் வைத்த பெயர்?

பெயரும் பொருளும் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்க ஊர்ப் பெயர்களைப் பற்றிப் பேசும்போது ‘ஷையான்’ என்ற பெயரை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு பெங்களூரின் பல மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழில் பக்கம் முழுவதும் அந்த ஒரு பெயருக்கே.

கேள்வி: மகளும் மருமகனும் டென்வரில் சில வருடங்கள் இருந்துவிட்டு இப்போது பெங்களூருக்கே வந்துவிட்டார்கள். பேத்தி பிறந்திருக்கிறாள். அவளுக்கு ‘ஷையான்’ என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறார்கள். இணையத்தில் ஓரிடத்தில் ‘சிவப்பாகப் பேசுகிறவர்’ என்று பொருள் போட்டிருக்கிறது. இன்னோரிடத்தில் ‘புரியாத பாஷை பேசுகிறவர்’ என்கிறது. தொட்டிலுக்கு நாள் குறித்தாயிற்று. இது வைக்கத் தகுந்த பெயர்தானா?
– வாசகி, அல்சூர்

பதில்: பொருளில் அபசகுனம் எதுவும் இல்லை, அம்மா. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். நீங்கள் பார்த்த இரண்டு பொருளும் உண்மையில் ஒன்றுதான்.

வட அமெரிக்காவின் புல்வெளிச் சமவெளிகளில் வாழும் ஒரு பூர்வகுடி மக்களுக்கு ஷையான் என்று பெயர். அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. அக்கம்பக்கத்தில் இருந்த டகோட்டா மக்கள் அவர்களை ‘ஷஹியெனா’ என்று அழைத்தார்கள். டகோட்டாவில் ‘ன’ வரும் சில இடங்களில் அவர்களுடைய மேற்கத்திய உறவினரான லகோட்டாவின் பேச்சில் ‘ல’ வரும். அதனால் அங்கே அதே பெயர் ‘ஷஹியெலா’. இந்த ஷஹியெனாவைப் பிரெஞ்சு வணிகர்கள் காதில் வாங்கித் தங்கள் வழக்கப்படி எழுத, ஆங்கிலேயர் அந்த எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ‘சி, எச்’ என்று தொடங்கினாலும் ‘ஷ’ என்று உச்சரிப்பது இதனால்தான். சிகாகோ என்று நாம் எழுதும் ஊரை அமெரிக்கர் ‘ஷிகாகோ’ என்று சொல்வதற்கும் இதே பிரெஞ்சு வழக்கம்தான் காரணம்.

இனி பொருள். டகோட்டா மொழியில் ‘ஷா’ என்றால் சிவப்பு, ‘இயா’ என்றால் பேசுதல், கடைசியில் வரும் ‘னா’ சிறுமையைக் காட்டும் விகுதி. தங்களுக்குப் புரிகிற பேச்சை டகோட்டா மக்கள் ‘வெள்ளைப் பேச்சு’ என்றும், புரியாத அயல்மொழியைச் ‘சிவப்புப் பேச்சு’ என்றும் சொன்னார்கள் என்பது ஒரு விளக்கம். தோலின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டகோட்டாவும் லகோட்டாவும் சூ மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஷையான் மக்கள் பேசுவது அல்கொங்கியன் குடும்பத்து மொழி. க்ரீ, ஒஜிப்வே, பிளாக்ஃபுட் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ஒரு குடும்பத்து மொழி பேசுகிறவருக்கு மற்றதில் ஒரு சொல்கூடப் பிடிபடாது.

இரண்டாவது விளக்கமும் ஒன்று உண்டு. ‘ஷஹியா’ என்பது க்ரீ போன்ற வடக்கத்திய அல்கொங்கியன் மக்களுக்கு டகோட்டாவில் இருந்த பெயர். அவர்களைப் போலவே பேசிய, ஆனால் எண்ணிக்கையில் சிறிய இன்னொரு கூட்டம் ‘ஷஹியெனா’, அதாவது சின்ன ஷஹியா. எங்களுக்கு இதுவே அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. முதல் விளக்கத்தில் அந்தச் சிறுமை விகுதிக்கு வேலையே இல்லை. இதில் அது சரியாக உட்காருகிறது. ஷையான் மொழியிலேயே ஒஜிப்வே மக்களைக் குறிக்கும் சொல் ‘ஷஹியா’வை ஒட்டி ஒலிப்பதும் இதற்குத் துணை.

எது சரியானாலும், அயலார் கொடுத்து நிலைத்த பெயர் என்பதில் மாற்றம் இல்லை. விந்தியத்துக்கு வடக்கே போனால் தூத்துக்குடிக்காரரும் தும்கூர்க்காரரும் ஒன்றாக ‘மதராஸி’ ஆகிவிடுகிற மாதிரிதான். அந்தச் சொல்லில் யாரையும் பழிக்கும் பொருள் இல்லை. ஆனால் அது சொன்னவருடைய பார்வை, சொல்லப்பட்டவருடையது அல்ல. பெயர் வைக்கலாமா என்பதைப் பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார். கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம், சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷையான் என்பது நம் ‘சேயோன்’தான், செந்நிறத்தான் என்ற பொருள்கூடப் பொருந்துகிறது, ஆகவே ஆதித் தமிழர் அமெரிக்கா போய்க் குடியேறினார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பலாமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: நம்ப வேண்டாம். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வருவதைப் பார்த்தால் யாருக்கும் சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் சொல்லைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் நிற்காது.

சேயோன் என்பது சேய் + ஓன். ‘சேய்’ செம்மை, ‘ஓன்’ ஆண்பால் விகுதி. ஷஹியெனாவில் சிவப்பைக் குறிப்பது ‘ஷா’ மட்டும். அதற்குப் பின்னால் வருவது பேசுதல், கடைசியில் வருவது சிறுமை விகுதி. நம் ‘ன்’ ஓர் ஆணைச் சுட்டுகிறது. அவர்கள் ‘னா’ சின்னது என்கிறது. இரண்டையும் பூட்டியிருக்கும் விதமே வேறு.

அடுத்து, இந்தப் பெயரைத் தாங்கியிருக்கும் மக்களின் மொழியில் சிவப்புக்கு ‘ஷா’ என்ற சொல்லே இல்லை. ‘அது சிவப்பாக இருக்கிறது’ என்பதற்கு அவர்கள் ‘எமாஒ’ என்பது போன்ற ஒரு சொல்லைச் சொல்வார்கள். ஆகவே தமிழர் யாரிடம் போனார்கள் என்ற கேள்வியிலேயே அந்தச் செய்தி தடுக்கி விழுகிறது. பெயர் டகோட்டாவினுடையது, செய்தி பேசுவதோ ஷையான் மக்களைப் பற்றி.

இதைவிட வலுவான சான்று பெங்களூரிலேயே இருக்கிறது. 1537ல் இந்த ஊரைக் கட்டிய கெம்பேகௌடாவின் பெயரைப் பாருங்கள். கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. தமிழில் அது செம்மை, செம்பு, சேய். கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. கன்னடத்தில் கேரி, தமிழில் சேரி. இந்த ஜோடிகளில் பழைய ஒலி ‘க’தான், கன்னடம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, தமிழில் இகர எகரத்துக்கு முன்னால் அது ‘ச’ ஆகிவிட்டது. அப்படியானால் ஆதிகாலத்தில் கடல் தாண்டிப் போனவர் ‘சே’யைக் கொண்டு போயிருக்க முடியாது, ‘கே’யைத்தான் கொண்டு போயிருக்க வேண்டும். பின்னால் போனார் என்றால் கூடவே எண்கள், உறவுப் பெயர்கள், கை கால் கண் காது எல்லாம் போயிருக்க வேண்டுமே, அவை எங்கே?

எண்களையே எடுத்துக்கொள்வோம். டகோட்டாவில் ஒன்று முதல் ஐந்து வரை: வஞ்ஜி, நும்பா, யம்னி, டோபா, ஸாப்டன். கன்னடத்தில்: ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது. எது நம் உறவு என்று சொல்லப் பண்டிதர் வேண்டாம், அல்சூர்ச் சந்தையில் காய்கறி வாங்குகிற எவருக்கும் தெரியும். மொழி உறவைக் காட்டுவது தற்செயலாக ஒத்துப்போகும் ஒரு சொல் அல்ல. ‘இங்கே க என்றால் அங்கே ச’ என்று நூற்றுக்கணக்கான சொற்களில் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்குதான் சான்று. ஆயிரக்கணக்கான மொழிகள் பேசும் உலகத்தில் ஒலியும் பொருளும் எங்காவது மோதிக்கொள்ளத்தான் செய்யும். தமிழின் பெருமைக்கு இந்த மாதிரிச் செய்திகள் எதையும் கூட்டுவதில்லை. நாளைக்கு உண்மையான சான்றோடு ஒருவர் வரும்போது கேட்க ஆள் இல்லாமல் செய்துவிடும் என்பதுதான் எங்கள் வருத்தம்.

கேள்வி: பிரெஞ்சில் நாய்க்கு ‘ஷியென்’ என்பார்கள். அதிலிருந்துதான் ஷையான் வந்தது என்று பிரெஞ்சு வகுப்பில் ஒருவர் சொன்னார்.
– மாணவி, ஃப்ரேஸர் டவுன்

பதில்: பரவலான தவறு. ஷையான் மக்களிடையே ‘நாய் வீரர்கள்’ என்று பெயர் பெற்ற ஒரு போர்ப்படைக் குழு இருந்தது. பிரெஞ்சுச் சொல்லும் ஒலியில் பக்கத்தில் நிற்க, கதை கட்டிவிட்டார்கள். பிரெஞ்சு வணிகர்கள் செய்தது எழுத்தில் எழுதியது மட்டுமே. சொல் அவர்களுக்கு முன்பே டகோட்டாவின் வாயில் இருந்தது. ‘ஷஹியெலா’ என்று லகோட்டா இன்றும் சொல்கிறது. பிரெஞ்சிலிருந்து வந்திருந்தால் நடுவில் அந்த ‘ஹி’ எங்கிருந்து வரும்?

கேள்வி: அப்படியானால் அவர்கள் தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்கள்? இன்று எங்கே இருக்கிறார்கள்?
– வாசகர், விவேக் நகர்

பதில்: ‘ட்ஸிட்ஸிஸ்டாஸ்’ என்பது புத்தகங்களில் அதிகம் காணும் வடிவம். அவர்கள் எழுத்துமுறைப்படி முழுமையாகச் சொன்னால் ‘ட்ஸெட்ஸெஹெஸ்டாஹெஸெ’ என்று நீளும். நமக்கு நாக்கு சுளுக்கும், ஆனால் அவர்கள் வாயில் அது பாதி காற்றாகவே வரும். காரணம் அந்த மொழியின் ஓர் அழகான இயல்பு. சில உயிரெழுத்துகளைக் குரல் கொடுக்காமல், கிசுகிசுப்பது போல வெறும் மூச்சாக விடுவார்கள். நம் குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறுகி ஒலிப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே உயிர் குறுகுவதோடு நிற்காமல் குரலையே இழந்துவிடுகிறது. எழுத்தில் மேலே ஒரு குறி போட்டுக் காட்டுவார்கள். மொத்தம் 14 எழுத்துகள், அதில் உயிர் மூன்றே: அ, எ, ஒ. யகரம் கிடையாது. உலகம் முழுக்க ‘ஷையான்’ என்று அவர்களைக் கூப்பிடுகிறது, அவர்கள் அரிச்சுவடியிலோ அந்தப் பெயருக்கு வேண்டிய ‘ய’வே இல்லை.

இவர்களோடு ‘ஸோடேயோ’ என்ற இன்னொரு கூட்டத்தாரும் நெடுங்காலத்துக்கு முன்பே சேர்ந்துகொண்டார்கள். இன்று ஷையான் என்று சொல்வது இந்த இருவரும் கலந்த மக்களைத்தான். 1680ல் இல்லினாய்ஸ் பகுதியில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கோட்டைக்கு வந்தவர்கள் என்று குறிப்பு இருக்கிறது. அப்போது மினசோட்டாப் பக்கம் வாழ்ந்தவர்கள் பிறகு மேற்கே நகர்ந்து, குதிரை கைக்கு வந்ததும் காட்டெருமையைத் துரத்தும் சமவெளி வாழ்க்கைக்கு மாறினார்கள்.

இன்று இரண்டு பிரிவுகள். வட ஷையான் மக்களுக்கு மொன்டானாவின் தென்கிழக்கில் 1884ல் ஏற்பட்ட ஒதுக்கீட்டு நிலம், தலைமையிடம் லேம் டீர். தென் ஷையான் மக்கள் ஓக்லஹோமாவில் அரப்பஹோ மக்களோடு ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கிறார்கள். தெற்கே கொண்டுபோய் விடப்பட்ட வடக்கத்தியர் சுமார் 350 பேர், 1878 செப்டம்பரில் நோயும் பசியும் தாங்காமல் சொந்த மண்ணை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். வழியில் பலர் உயிரிழந்தார்கள். மொன்டானா நிலம் அந்த நடைக்குப் பிறகுதான் கிடைத்தது.

அவர்களை நடத்திச் சென்ற தலைவர்களில் ஒருவரை வரலாறு ‘மொன்னைக் கத்தி’ என்ற பெயரில் நினைவில் வைத்திருக்கிறது. அது லகோட்டா மக்கள் வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் வோஹெஹெவெ, அதாவது விடிவெள்ளி. லேம் டீரில் இருக்கும் பழங்குடிக் கல்லூரிக்குக்கூட அந்த அயலார் கொடுத்த பெயர்தான் நிலைத்திருக்கிறது.

கேள்வி: ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரைத் தூக்கி நம் குழந்தைக்கு வைப்பது முறையா? அந்த ஊர்க்காரர்கள் தவறாக நினைக்க மாட்டார்களா?
– வாசகர், ஜெயநகர்

பதில்: அமெரிக்காவில் இது சாதாரணமாகிவிட்ட பெயர். 1990களின் பிற்பகுதியில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த 100 பெயர்களுக்குள் வந்தது. ஆகவே சட்டமோ சம்பிரதாயமோ தடுக்காது. ஆனால் வைத்தவர்களில் பெரும்பாலோர் அந்த மக்களோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். காதுக்கு இனிமை, கொஞ்சம் கௌபாய்க் கதை வாசனை, அவ்வளவுதான் காரணம். பூர்வகுடியினர் பலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, அது நியாயமும்கூட. நிலம் போய், மொழி தேய்ந்து, சரளமாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்ற நிலையில் இருக்கும் ஒரு மக்களின் பெயர், வேறெங்கோ அலங்காரமாகத் தொங்குவதைப் பார்த்தால் வலிக்கத்தான் செய்யும்.

அவர்களிடம் இது ஆள் பெயரே அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களுடைய ஆள் பெயர்கள் வேறு வகை. 1876 ஜூன் 17ல் மொன்டானாவில் ரோஸ்பட் சிற்றாற்றங்கரையில் நடந்த சண்டையில், குதிரை விழுந்து எதிரிகள் நடுவே மாட்டிக்கொண்ட அண்ணனை, தன் குதிரையை விரட்டிக்கொண்டு போய் ஏற்றி வந்த பெண்ணின் பெயர் ‘எருமைக்கன்றுப் பாதைப் பெண்’. ராணுவ வரலாற்றில் அதற்கு ரோஸ்பட் சண்டை என்று பெயர். ஷையான் மக்கள் அதைத் ‘தங்கை அண்ணனைக் காப்பாற்றிய சண்டை’ என்று சொல்கிறார்கள்.

அல்சூர் வாசகிக்கும் சேர்த்துச் சொல்கிறோம். டென்வரில் இருந்தவர்கள் என்பதால் உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் இது இன்னும் நெருக்கமான விஷயம். டென்வர் இருக்கும் கொலராடோவில், ஸாண்ட் க்ரீக் என்ற இடத்தில் 1864 நவம்பர் 29 அன்று, சமாதானத்தை நம்பிக் கூடாரமடித்திருந்த ஷையான், அரப்பஹோ மக்கள் சுமார் 230 பேரைப் படையினர் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் பெயரை நெடுங்காலம் தாங்கியிருந்த எவன்ஸ் சிகரம் 2023ல் ப்ளூ ஸ்கை என்று மாற்றப்பட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், பூர்வகுடிப் பெண்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் இருந்த பக்கத்து மலை ‘மெஸ்டாஹே’ ஆனது. மெஸ்டாஹே என்பது ஷையான், வெள்ளையர் இரு தரப்புக்கும் நடுவே பேச்சு நடத்திய ஒரு ஷையான் பெண்ணின் பெயர். ‘ஆந்தைப் பெண்’ என்பது அதன் ஆங்கில வடிவத்தின் பொருள்.

எங்கள் கருத்து இதுதான். அழகாக ஒலிக்கிறது என்பது மட்டுமே காரணமானால் வேறு பெயர் பாருங்கள், அழகான பெயர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. அந்த மண்ணில் வாழ்ந்த காலத்தின் மேல் உண்மையான பற்று இருந்து, இவ்வளவையும் தெரிந்துகொண்டு வைக்கிறார்கள் என்றால் வைக்கட்டும். குழந்தை வளர்ந்து ‘என் பெயருக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்கும்போது ‘வீரம்’, ‘சுதந்திரம்’ என்று பெயர்ப் புத்தகங்கள் அடித்துவிடும் பொய்யைச் சொல்லாமல், இது இன்றும் வாழும் ஒரு மக்களின் பெயர், அதுவும் அயலார் கொடுத்தது என்று சொல்லும் பொறுப்பு பெற்றோருக்கு உண்டு.

கேள்வி: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? கன்னடத்திலும் தமிழிலும்? பிறப்புச் சான்றிதழில் சிக்கல் வருமா?
– வாசகி, பானஸ்வாடி

பதில்: வரும், முன்கூட்டியே பார்க்காவிட்டால். வெளிநாட்டுப் பெயர் எதுவானாலும் இந்த மூன்று எழுத்தில்தான் மாட்டும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஆங்கிலத்தில் மூல எழுத்து எட்டு: சி, எச், இ, ஒய், இ, என், என், இ. உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும்: ஷை-யான். அந்த ‘யா’வைக் ‘கேமரா’வின் முதல் அசையைச் சொல்வது போலச் சற்று அகட்டிச் சொல்வார்கள், சிலர் ‘ஷை-யென்’ என்பார்கள். இரண்டும் வழக்கில் உள்ளவை. கடைசி ‘இ’க்கு ஒலி கிடையாது. இந்த ‘இ’யும் இரட்டை ‘என்’னில் ஒன்றும்தான் படிவங்களில் முதலில் காணாமல் போகிறவை. நம் ஊரில் ‘சேயென்னி’ என்று படித்துத் தொலைப்பார்கள் என்ற பயம் இருந்தால், ‘எஸ், எச், ஒய்’ என்று தொடங்கும் எளிய வடிவங்களும் அமெரிக்காவிலேயே வழங்குகின்றன. எதை எடுத்தாலும் ஒன்றையே எடுத்துக் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கன்னடத்தில் இரண்டு ‘ஷ’ உண்டு. சாந்தி, சங்கர் என்ற பெயர்களுக்கு எழுதுகிற ‘ஶ’தான் இதற்கு வேண்டும், பாஷைக்கு எழுதுகிற ‘ஷ’ அல்ல. தமிழில் ‘ஷையான்’ போதும். கிரந்தம் வேண்டாம் என்கிறவர்கள் ‘சையான்’ என்று எழுதலாம். ‘செய்யான்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். திருநெல்வேலி, மதுரைப் பக்கம் உறவினர் இருந்தால் பெயர் சூட்டும் அன்றைக்கே சிரிப்பார்கள். அங்கே செய்யான் என்றால் கடித்தால் கடுக்கும் பெரிய செம்பூரான்.

இனி பதிவு. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டே பதியலாம், அவசரப்பட்டு எதையாவது எழுதிக் கொடுக்க வேண்டாம். பிறகு 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதையும் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை அனுமதி உண்டு. பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் நிலைமை வேறு. எழுத்துப் பிழையைச் சான்று காட்டித் திருத்தலாம். மனம் மாறிப் பெயரையே மாற்றுவதென்றால் பிரமாணப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், அரசிதழ் என்று அலைச்சல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் ஆக்கிவிட்டதால், அதில் விழும் பிழை எல்லா இடத்துக்கும் பரவும்.

கர்நாடகச் சான்றிதழில் கன்னடமும் ஆங்கிலமும் இருக்கும். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் கன்னடம் தானாக வருகிற இடத்தில்தான் ‘செயென்னெ’ முளைக்கும். எழுத்தைப் பார்த்து மாற்றுகிற இயந்திரத்துக்குப் பிரெஞ்சு வழக்கம் தெரியாது. ஆகவே ஒரு தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி என்று தெளிவாக எழுதிக் கையில் கொடுங்கள். கன்னடம் எழுதத் தெரியாவிட்டால் தெரிந்த பக்கத்து வீட்டாரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கன்னட வரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலம் சரியாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள்தான் அதிகம்.

ஆதாரிலும் இதே கதை. ஐந்து வயதுக்குள் குழந்தைக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள், பெற்றோர் ஒருவரின் ஆதாரோடு இணைத்துவிடுவார்கள். பதிவு செய்யும்போது திரையில் கன்னட வரியைக் காட்டச் சொல்லிச் சரிபார்ப்பது உங்கள் உரிமை. பாஸ்போர்ட்டுக்கு நம் ‘இனிஷியல்’ செல்லாது, அப்பா பெயரை விரித்து எழுத வேண்டும். அதைப் பிறப்புச் சான்றிதழிலேயே விரித்து எழுதிவிட்டால் பின்னால் இரண்டு ஆவணத்தில் இரண்டு பெயர் என்ற தொல்லை வராது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் ‘ஷயான்’ என்று ஒரு பையன் இருக்கிறான். இது ஆண் பெயரா, பெண் பெயரா?
– வாசகி, இந்திரா நகர்

பதில்: அந்தப் பையன் பெயர் வேறு. ஷாயான் என்பது பாரசீகச் சொல், ‘தகுதியுள்ளவன்’ என்று பொருள். முஸ்லிம், பார்சி குடும்பங்களில் ஆண் பெயர். வங்காளிகளிடம் ‘சயன்’ என்று ஓர் ஆண் பெயர் இருக்கிறது. அது சமஸ்கிருதத்தில் சேர்த்தல், தொகுத்தல் என்ற பொருளில் வரும் சயனத்திலிருந்து வந்தது, படுக்கையைக் குறிக்கும் சயனம் வேறு. இந்த எதற்கும் அமெரிக்க ஷையானோடு தொடர்பில்லை. அமெரிக்கப் பெயர் அங்கே இருபாலாருக்கும் வழங்கியது. 1955ல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகனே அந்தப் பெயர் கொண்ட ஆண்தான். பிற்பாடு பெண் பெயராகவே பெரும்பாலும் நிலைத்துவிட்டது. பெங்களூரில் ஷயான்கள் பலர் இருப்பதால், பெண் குழந்தைக்கு வைத்தால் பள்ளி வருகைப் பதிவேட்டில் பையன் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது பெயராக ஒரு தமிழ்ப் பெண் பெயரைச் சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

கேள்வி: ஷையான் என்று ஓர் ஊரும் ஆறும் இருக்கின்றனவே, அந்த மக்கள் அங்கேதான் இருக்கிறார்களா?
– மாணவர், மல்லேஸ்வரம்

பதில்: வயோமிங் மாநிலத் தலைநகருக்கு அந்தப் பெயர். டென்வருக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர், கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,060 அடி உயரம். பெங்களூரைப் போல இரண்டு மடங்கு. 1867ல் யூனியன் பசிபிக் ரயில்பாதை வந்தபோது உருவான ஊர். அந்தப் பகுதியில் வாழ்ந்த மக்களின் பெயரை ஊருக்கு வைத்தார்கள், மக்களுக்கான நிலம் அங்கே இல்லை.

ஆறுகள் இரண்டு, வரைபடத்தில் குழப்பும். வட டகோட்டாவில் ஓடுவது ‘எஸ், எச்’ என்று தொடங்கும், அதன் கரையில் ஷையான் மக்கள் முன்பு பயிர் செய்து வாழ்ந்தார்கள். வயோமிங்கில் தொடங்கித் தென் டகோட்டாவுக்குள் போகும் மற்றது ‘சி, எச்’ என்று தொடங்கும். இந்த இரண்டாவது ஆற்றின் பெயரில் தென் டகோட்டாவில் ஓர் ஒதுக்கீட்டு நிலமும் உண்டு. பெயரில் ஷையான் இருந்தாலும் அங்கே வாழ்கிறவர்கள் லகோட்டா மக்கள். பள்ளித் திட்டக் கட்டுரைக்கு எழுதுகிறீர்கள் என்றால் ஷையான் மக்களுக்கு மொன்டானாவையும் ஓக்லஹோமாவையும் குறியுங்கள். தென் டகோட்டாவைக் குறித்தால் தவறு.